பெயர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

ஜூலை 12, சனி

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. இனி எழுதப்போகிறேன். யார் யார் என்ன செய்தார்கள் என்பதில் ஒன்றையும் நான் மறந்துவிடக் கூடாது.

நேற்று விடிகாலையில் என் மகன் தரணி கிணற்றுக்குள் விழுந்துவிட்டான். விழுந்தான் என்று ஊர் சொல்கிறது. தள்ளினார்கள் என்று நான் சொல்கிறேன். மண்டையில் அடி, முதுகெலும்பில் அடி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழாய்களோடு கிடக்கிறான்.

எங்கள் தோட்டத்துக்கும் ஆறுச்சாமி தோட்டத்துக்கும் அது பொதுக் கிணறு. ஆறுச்சாமி என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். முறைக்கு எனக்கு மாமா, மனசுக்கு எமன். நாலு நாள் அவர் முறை, நாலு நாள் எங்கள் முறை. மோட்டார் கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு மேடையில் இருக்கிறது. படியிலிருந்து அந்த மேடைக்குப் போக ஒரே ஒரு தென்னம்பலகைதான்.

கோடையில் எங்கள் தக்காளி கருகியபோது ஒரு நாள் தண்ணீர் கூடுதலாகக் கேட்டோம். ஒரே ஒரு நாள். அதற்குப் பால் சொசைட்டி வாசலில் ஊரே பார்க்க என் பிள்ளையைத் தண்ணித் திருடன் என்றார் அந்த மனுஷன். தரணி அன்றைக்குச் சோறு தொடவில்லை. நானும் வயிறெரிந்துதான் சொன்னேன், இந்த ஆள் அந்தப் பலகையிலிருந்து விழுந்தால்தான் நமக்குத் தண்ணீர் என்று. விழுந்தது என் பிள்ளை.

முதலில் பார்த்ததும், தண்ணீரில் குதித்துத் தூக்கியதும், தன் காரிலேயே கொண்டுவந்து சேர்த்ததும் ஆறுச்சாமிதானாம். எல்லோரும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். செய்தவன்தானே முதலில் ஓடிவருவான்.

ஜூலை 14, திங்கள்

கண் திறக்கவில்லை. ஆறுச்சாமி இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் லிஃப்டில் இறங்கியதும் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நானே போனேன். ஆறுச்சாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் போனப்பப் பையன் தண்ணியில கெடந்தானுங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாதுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நேராகப் பார்க்க முடியவில்லை பாருங்கள்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "வழக்கெல்லாம் வேண்டாங்க, அம்மிணி வேதனையில பேசறா" என்று காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"பெத்த பையன விட உங்களுக்குப் பங்காளி பெருசாப் போயிட்டாருங்களா?"

"பழனியாண்டவர்கிட்ட உட்டாச்சு கோகிலா. அவுரு பாத்துக்குவாரு."

பையன் எழுந்து நடக்கும்வரை செருப்புப் போட மாட்டேன் என்று நேர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுங்காலோடு நடக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டால் சாமி இறங்கி வந்துவிடுமா? எனக்குக் காப்பாற்றுகிற சாமி மட்டும் போதாது. நியாயம் கேட்கிற சாமி வேண்டும்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

ஓடைக்கரை நீலியம்மன் கோயிலுக்குப் போய்வந்தேன். உலகத்தில் எங்கே நியாயம் கிடைக்காவிட்டாலும் அங்கே கிடைக்கும் என்பார்கள். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வரிசையாக அம்மிகள். அநியாயம் நடந்த வீட்டுப் பெண்கள் வரமிளகாய் கொண்டுபோய் அரைத்து, நீதிக்கல்லின் மேல் கையால் பூச வேண்டும். அந்தக் காந்தல் தாங்காமல் அம்மன் எழுந்து குற்றவாளியைத் தேடிப் போவாளாம்.

என் பக்கத்து அம்மியில் ஒருத்தி நகை திருடியவனுக்காக அரைத்தாள். அவள் ஒரு பிடி மிளகாய்தான் கொண்டுவந்திருந்தாள். நான் படியளவு.

பூசாரி வந்து கேட்டார். "நடந்ததைக் கண்ணுல பாத்தீங்களா அம்மா?"

"பாக்கலீங்க. ஆனா ஆளு தெரியுமுங்க."

"கண்ணுல பாக்காட்டிப் பேரு சொல்லப்படாதுங்க. இதுக்கு ஆரு காரணமோ அவுங்க காந்தட்டும்னு சொல்லிப் பூசுங்க. ஆளைக் கண்டுபுடிக்கறது ஆத்தா வேலை."

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆறுச்சாமி, ஆறுச்சாமி என்று அந்தக் கல்லின் காதில் ஓத வேண்டும் என்றுதான் போனேன். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. என் பிள்ளையை இந்தக் கதிக்கு ஆளாக்கியது யாரோ, அவர்கள் உடம்பு உச்சி முதல் உள்ளங்கால்வரை காந்தட்டும் என்று சொல்லி, இரண்டு கையாலும் பூசினேன்.

கிளம்பும்போது பூசாரி இன்னொன்றும் சொன்னார். தீர்ப்புக் கிடைத்ததும் பூசியவளே திரும்பி வந்து, வெண்ணெய் சாத்திக் கல்லைக் குளிர வைக்க வேண்டும். குற்றவாளி யார் என்று அங்கே இருப்பவர்கள் முன்னால் சொல்லவும் வேண்டும். குளிர வைக்காமல் விட்டால் அந்தக் காந்தல் பூசியவள் வீட்டைச் சுற்றும். வெண்ணெய்தானே, ஒரு கூடையே கொண்டுவருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் வரும்போது கை தீயாக எரிந்தது. சுகமாக இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

அம்மன் ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டாள்.

காலையில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். தரணிக்குக் கண்ணோரம் பீளை கட்டியிருந்தது. விரலால் மெதுவாகத் துடைத்தேன். அதுவரை ஊசி குத்தினாலும் அசையாமல் கிடந்தவன், உடம்பே தூக்கிப் போட, தொண்டைக்குழாயையும் மீறி ஒரு சத்தம் போட்டான். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். கை அசைகிறது, முகம் சுளிக்கிறது, நல்லது நல்லது என்றார்கள். வெளியே என் வீட்டுக்காரர் தரையில் விழுந்து கும்பிட்டார். நானும் அழுதேன்.

ஜெசிந்தா என்கிற நர்ஸ் மட்டும் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா இது, மொளகா வாடை?"

"சோப்புப் போட்டு நாலு தடவை கழுவினேனுங்க."

"கழுவினா போகாதும்மா. புள்ளையோட கண்ணு எப்படிச் செவந்திருக்கு பாருங்க. இனிமே கையுறை போடாம அவனத் தொடாதீங்க."

சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? மிளகாய் பூசிய கை பட்டுத்தான் என் பிள்ளைக்கு உணர்வு வந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை, வார்டு முழுக்கச் சொன்னேன்.

ஜூலை 30, புதன்

துணி எடுக்க ஊருக்கு வந்தேன். வீடு குப்பையாகக் கிடந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பாத்திரம் தேய்த்து, துவைத்துப் போட்டேன். கத்தரிச்செடி எல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. விசாரித்தால், எங்கள் முறைத் தண்ணீரையும் ஆறுச்சாமி தோட்டத்துக்கே திருப்பிவிட்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். இந்த மனுஷனை என்ன சொல்வது? கன்னத்தில் அடித்தவனுக்குக் கை வலிக்குமே என்று தைலம் தேய்க்கிற ஆள்.

அருகம்புல் வேர் அடைத்த குழாயை அறுக்கலாம் என்று பார்த்தால் சாமான் பெட்டியில் ஹேக்ஸா ரம்பம் இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்றால் எதைத்தான் விட்டுவைக்கிறார்கள்.

இத்தனை நாள் தற்காலிகமாகப் போட்டிருந்த மூங்கிலை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட மெக்கானிக் குப்புராசு வந்திருந்தான். அன்றைக்கு முறிந்த பழைய பலகையின் துண்டு கிணற்று மேட்டில் கிடந்தது. அவன் அதைத் திருப்பிக் காட்டி, "அக்கா, இது தானா முறியலீங்க. அடியில முக்காவாசி அறுத்திருக்குது" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாத்தியா? பாத்தியா? நான் சொன்னப்ப ஒருத்தனும் நம்புலியே. அந்தப் பாவிதான் அறுத்து வெச்சிருக்கறான்."

குப்புராசு தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களே அக்கா. ஆறுச்சாமியண்ணன் முறை தொடங்கற நாளு. வெடிஞ்சா அவுருதான் பலகையில எறங்கோணும். அவுரு ஏறப்போற பலகைய அவுரே அறுப்பாருங்களா?"

எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் ஒருத்தன்கூட நேர்மையாக இல்லை.

பலகைத் துண்டைக் கொண்டுவந்து பரண்மேல் போட்டேன். போலீசுக்குக் காட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தரணியை வார்டுக்கு மாற்றினார்கள். கண் திறக்கிறான், கண்ணால் பின்தொடர்கிறான். ஆனால் கை கால் எரிகிறது என்று தெரிகிறது. போர்வை பட்டாலும் முகம் கோணுகிறது. நரம்பு திரும்ப வேலை செய்யத் தொடங்கினால் அப்படித்தான் எரியும், நல்ல அறிகுறிதான் என்றார் டாக்டர்.

ஆறுச்சாமியின் கறவை எருமை செத்துப்போனதாம். என் வீட்டுக்காரர் வருத்தமாகச் சொன்னார். நான் கேன்டீனுக்குப் போய் ஒரு மைசூர்பாகு வாங்கித் தின்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பரண்மேல் போட்ட துண்டைப் போலீசுக்குக் கொண்டுபோக இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி. அமாவாசை

எருமையோடு நின்றால் எப்படி? மறுபடியும் மிளகாயோடு போனேன். போனால் நான் பூசிய கல் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. யாரோ வெண்ணெய் சாத்தியிருக்கிறார்கள்.

"உங்க ஊட்டுக்காரருங்க அம்மா" என்றார் பூசாரி. "போன செவ்வாக்கெழமை வந்தாரு. கல்லுக்கு முன்னால உக்காந்து அழுதாரு. பூசுனவீங்கதான் குளுர வைக்கோணும், நீங்க சாத்துனா ஆகாதுங்கன்னு சொன்னேன். கேக்கலீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வெண்ணெயை வழித்து எறிந்துவிட்டு, முன்பைவிடக் கெட்டியாகப் பூசினேன். ஆஸ்பத்திரிக்கு வந்து, மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டேன்.

"பையனுக்கு நியாயம் கேக்கறேன். அதுல தண்ணிய ஊத்தறீங்க. நீங்க ஆரு பக்கம்?"

அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெறுங்காலில் வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்திருந்தது.

"பேரு சொல்லாமப் பூசிப்போட்டு வந்திருக்கறயே கோகிலா. அது ஆரத் தேடிப் போவும்னு ஒரு நாளாச்சும் ரோசன பண்ணுனயா?"

"செஞ்சவனத் தேடிப் போவும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. புரியவும் வேண்டாம். தரணி இன்று ரொம்ப எரிச்சலில் துடித்தான். கையுறை போட்டுத்தான் தொட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

தொண்டைக்குழாயை எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் தரணி பேசினான்.

அம்மா என்றுதான் முதலில் சொல்வான் என்று காத்திருந்தேன். உதடு நெடுநேரம் அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"பெரீப்பன்... உழுந்துட்டாரா?"

பெரியப்பன் மேல் எவ்வளவு பயம் பாருங்கள் பிள்ளைக்கு. நினைவு திரும்பியதும் அந்த ஆள்தான் ஞாபகம் வருகிறார். கண்டபடி உளறுவார்கள், தலையில் அடிபட்டவர்கள் அப்படித்தான் என்று பக்கத்துக் கட்டில் அம்மாவும் சொன்னார்கள்.

இட்லி இரண்டு சாப்பிட்டேன். துணி அலசிப் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்றும் அதையே கேட்டான்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆறுச்சாமி இளநீரோடு வந்தார். தரணி அவரைப் பார்த்தான். அந்த முகத்தை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. செத்தவர் எழுந்து வந்ததைப் பார்ப்பவன்போல் பார்த்தான். அப்புறம் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓவென்று அழுதான்.

ஆறுச்சாமி அவன் தலையைத் தொட்டார். "ஒண்ணுமில்ல சாமி. நான் நல்லாத்தான் இருக்கறேன். நீ வெரசா எந்திரி" என்றார். என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இளநீரை வாஷ்பேசின்வரை கொண்டுபோனேன். ஊற்றவில்லை. குடிக்கவும் இல்லை. அது அங்கேயே இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாலு நாளாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது.

எழுதுகிறேன்.

நான் கேட்காமலே தரணி சொன்னான். விட்டுவிட்டுத்தான் பேச வருகிறது. ஹேக்ஸாவை எடுத்துக்கொண்டு இருட்டோடு இறங்கியிருக்கிறான். மேடைப் பக்கமிருந்து பலகையை அடியில் அறுத்திருக்கிறான். முழுக்க அறுத்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று கொஞ்சம் விட்டுவைத்தானாம். திரும்பி வர அந்தப் பலகையைத் தவிர வேறு வழி கிடையாது. ஓரமாகக் கால் வைத்தால் தாங்கும் என்று நினைத்தானாம். அதற்குமேல் ஞாபகம் இல்லை. தான் விழுந்தது நினைவில்லாததால், பெரியப்பன்தான் விழுந்திருப்பார் என்று படுக்கையில் நினைத்துக்கொண்டே கிடந்திருக்கிறான்.

"ஏன் கண்ணு இப்படிப் பண்ணுன?"

"நீதானம்மா சொன்ன. அந்தாளு உழுந்தாத்தான் நமக்குத் தண்ணின்னு."

ஜெசிந்தா மாத்திரை கொடுக்க வந்தாள். ஃபேன் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை என்று அவளிடம் புகார் சொன்னேன்.

செப்டம்பர் 10, புதன்

என் வீட்டுக்காரருக்கு முதல் நாளே தெரியும். பையனைத் தூக்கும்போது அவன் இடுப்பில் செருகியிருந்த ஹேக்ஸா ஆறுச்சாமி கையில் சிக்கியிருக்கிறது. அதைத் துண்டில் சுற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "ஆத்துல போட்டுரு தம்பி. கோகிலாவுக்குத் தெரியவேண்டாம்" என்றாராம். போலீசிலும் அதனால்தான் தரையைப் பார்த்திருக்கிறார்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நம்பியிருப்பியா?" என்றார். எழுந்து வார்டுக்குள் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கோபம் தணியவில்லை. ஆறுச்சாமி மேல் முன்பைவிட அதிகமாக இருக்கிறது. திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், பிள்ளையை ஜெயிலில் போட்டிருக்கலாம். நான் ஊர் முழுக்கக் கொலைகாரன் என்று தூற்றும்போது, அந்த ஒரு ஹேக்ஸாவை எடுத்துக் காட்டியிருந்தால் என் வாய் மூடியிருக்கும். அதைச் செய்யாமல் இளநீர் சீவிக்கொண்டு வருகிறார். மன்னிக்கிறவர்களைப்போல் ஆத்திரமூட்டுகிறவர்கள் யாரும் இல்லை. திருப்பி அடிக்க எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

ஊருக்குப் போய், பரணிலிருந்த பலகைத் துண்டை அடுப்பில் வைத்து எரித்துவிட்டு வந்தேன்.

தரணிக்கு எரிச்சல் குறையவில்லை. காந்துதும்மா, காந்துதும்மா என்கிறான். நான் அம்மன் முன்னால் சொன்ன அதே வார்த்தை. அவனுக்கு அது தெரியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு. அமாவாசை

காலையில் குளித்துவிட்டு வெண்ணெய் வாங்கினேன். என் வீட்டுக்காரர் துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். போகிற வழியில் ஆறுச்சாமி வீட்டு வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அவர் பெண்டாட்டி மயிலாத்தா அக்கா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜூலையிலிருந்து அவளோடு பேச்சு இல்லை.

"அக்கா, நீலியம்மன் கோயலுக்குப் போறேன். கூட வாங்க."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "எதுக்கு கோகிலா? இன்னமும் எங்க மேல பூசறயா?"

"குளுர வைக்கப் போறேனுங்க அக்கா. நீங்க கேக்கோணும்."

துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கட்டிய சேலையோடு வந்தாள்.

அமாவாசைக் கூட்டம். எல்லா அம்மியிலும் ஆள் இருந்தது. மிளகாய்க் காரம் மூக்கில் ஏறி எல்லோரும் தும்மிக்கொண்டே அரைத்தார்கள். என் கல் மட்டும் சிவந்து காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். லேசில் போகவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அத்தனை கெட்டியாகப் பூசியிருக்கிறேன். அப்புறம் வெண்ணெயை எடுத்துச் சாத்தினேன்.

பூசாரி மணியை அடித்தார். அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அது அங்கே வழக்கம்.

"வழக்குத் தீந்துச்சுங்களா அம்மா?"

"தீந்துச்சுங்க."

"குத்தம் பண்ணுன ஆளு கெடைச்சாச்சா?"

"கெடைச்சாச்சுங்க."

"ஆருங்க?"

என் பின்னால் மயிலாத்தா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், அதை மறைக்கப்போவதில்லை. தெரியாத ஊர்க்காரன், லாரிக்காரன் என்று எதையாவது சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அம்மன் சரியான விலாசத்துக்குத்தான் போயிருக்கிறாள். அவள் முகத்துக்கு நேராக எப்படி மாற்றிச் சொல்வது?

"எங்க ஊட்டுலதானுங்க" என்றேன். "வேத்தாளு ஆருமில்லீங்க. ஆறுச்சாமி மாமன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

ஆடி அமாவாசையன்று பக்கத்து அம்மியில் பார்த்த நகைக்காரி தன் மிளகாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மயிலாத்தா அக்கா என் கையைப் பிடிப்பாள் என்று பயந்தேன். பிடிக்கவில்லை. "பஸ்சு போயிரும், வா" என்றாள். அதற்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22, திங்கள்

கல்லைக் குளிர வைத்தாகிவிட்டது. இன்று காலை தரணி சிரித்துக்கொண்டு எழுந்திருப்பான் என்று ஒரு மூலையில் நம்பித்தான் வந்தேன். காந்துதும்மா என்றான். இன்னும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகலாம் என்றார் டாக்டர்.

காந்தட்டும் என்று வாய்வரை வந்தது. ஒரு மனுஷனைக் கொல்லப் பலகை அறுத்த உடம்புதானே, காந்தட்டும் என்றுதான் வந்தது. என்னால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்கிற பிள்ளை அவன். இப்போது என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தான்.

பையில் நேற்றைய வெண்ணெய் கொஞ்சம் மீந்திருந்தது. கையுறையைக் கழற்றினேன். ஜெசிந்தாவைக் கூப்பிட்டு என் கையை நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, இப்போ வாடை இல்லைம்மா என்றாள்.

கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் உள்ளங்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வெண்ணெயைத் தொட்டு மெதுவாகத் தடவினேன்.